சராசரி முப்பத்தொன்பது

வலயத்துக்கு அனுப்பும் படிவம்
இந்தமுறை பச்சை நிறம்.
தரம் ஒன்பது, கணிதம்.
போன தவணை சராசரி முப்பத்துநான்கு,
இந்தத் தவணை முப்பத்தொன்பது.
'முன்னேற்றத்துக்கான காரணம்' எழுத ஒரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.

"மேலதிக வகுப்பு எண்டு போடுங்கோ ரீச்சர்"
என்றார் அதிபர்.
வைத்தது உண்மைதான், இரண்டு நாள்.
மூன்றாம் நாள்
கச்சான் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள்.

மற்றப் பக்கம் முழுவதும் நிரப்பியாயிற்று.
தாய் தந்தை இருவருடனும்: ஒன்பது.
தாயுடன் மட்டும்: ஏழு.
உறவினருடன்: ஆறு.
தந்தையின் தொழில் கூலி, கூலி, மேசன், கூலி,
ஓரிடத்தில் பிள்ளையின் கையெழுத்தில் 'தெரியாது'.
தெரியாது என்பதைக் கணினி ஏற்காதாம்.
அதையும் கூலி ஆக்கினேன்.
தாய் வெளிநாட்டில்: நான்கு.
மூன்று பேர் குவைத்.
நாலாவது, வெள்ளிக்கிழமைகளில்
அழைப்பு வருகிற ஏதோ ஒரு நாடு.
வீட்டிலிருந்து தூரம் ஆறு கிலோமீற்றர்,
குளக்கட்டில் யானை நின்றால் ஒன்பது.

வியாழக்கிழமை வரவு எப்போதும் குறைவு.
கிழமைக்குப் படிவத்தில் இடமில்லை.
வியாழன் லோன்காரர் வருகிற நாள்.
தாய் பற்றைக்குள் இருக்க
பிள்ளை படலையில் நின்று
"அம்மா மல்லாவிக்குப் போட்டா" என்று சொல்லவேண்டும்.
கண் தாழாமல் சொல்லவேண்டும்.
அந்தப் பாடத்தில்
என் வகுப்பில் ஒருவரும் பெயில் இல்லை.

இரவு, கரண்ட் போன பிறகு,
கைபேசி வெளிச்சத்தில் புள்ளிகளைக் கூட்டினேன்.
இருபத்திரண்டு பேர்,
எண்ணூற்று ஐம்பத்தெட்டு.
போன தவணை இதே இருபத்திரண்டு பேரும்
எடுத்தது எவ்வளவென்று பார்த்தேன்.
எண்ணூற்று ஐம்பத்தெட்டு.
ஒருத்தி நான்கு ஏற
இன்னொருவன் நான்கு இறங்கி
ஒரு புள்ளிகூட அசையவில்லை.

அசைந்தது ஐந்து பேர்.
டெனிஸ்ரன், ஆறு புள்ளி.
கனிஸ்ரா, ஒன்பது.
யாழரசி பதினொன்று. இப்போது
சின்னம்மாவின் குழந்தையை இடுப்பில் வைத்தபடி
பள்ளிக்கூட மதிலோரம் போவாள்,
எங்கள் பக்கம் பார்ப்பதில்லை.
கோகுலராச் பதினான்கு,
பாலியாற்று மண் ஏற்றுகிறான்.
நிறைமதி இருபது.
இடைவிலகல் காரணம்: ஏனையவை.
ஏனையவை என்றால் தாலி.

மொத்தம் அறுபது.
அறுபது புள்ளியும் ஐந்து கதிரையும் போனதில்
வகுப்பு உயர்ந்திருக்கிறது.
இன்னும் பத்துப் பேரை அனுப்பிவிட்டால்
மாகாணத்தில் முதலிடம் வரலாம்.

நானும் பெரிய ஆளில்லை.
வவுனியாவில் ஐந்தேகால் பஸ் ஏறி வருகிறவள்.
இடமாற்றம் கேட்டு மூன்றாவது விண்ணப்பம்
மேசை லாச்சியில் கிடக்கிறது.
ஆசிரியர் இடைவிலகலுக்குக் கட்டம் கிடையாது.

காலையில் கரும்பலகையில் எழுதினேன்:
இருபத்தேழு பேரின் சராசரி முப்பத்துநான்கு.
மொத்தம் அறுபது புள்ளி பெற்ற ஐவர் விலகினர்.
புதிய சராசரி யாது?

ஒருநாளும் கை உயர்த்தாத பானுஷா உயர்த்தினாள்.
"முப்பத்தொன்பது."
"சரி, இரு."
அவள் இருக்கவில்லை.
"ரீச்சர், அந்த அஞ்சு பேரும்
எங்கட ஆக்களோ?"

அந்நேரம் ஒரு மண் ரக்ரர் றோட்டால் போனது.
யன்னல் கம்பிகள் அதிர்ந்தன.
கோகுலராச்சோ வேறு யாருமோ,
இரண்டுதரம் ஹோர்ன் அடித்தான்.
இருபத்திரண்டு தலையும் திரும்பிற்று,
இருபத்துமூன்றாவது என்னுடையது.

தீப்பெட்டிக் கட்டத்தில்
ஒரே சொல் எழுதிக் கொடுத்தேன்:
கழித்தல்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
மறுபடி வாசித்தார்.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு மெல்ல,
"ரிப்பெக்ஸ் இருக்கோ ரீச்சர்?"

இருந்தது.
என் கைப்பைக்குள் எப்போதும் இருக்கும்.